கையைத் தூக்காதே, ஷானவாஸ்!

ஷானவாஸின் வலது கைக்கென்று தனியாக ஒரு மனசு உண்டு. மூளை ‘விடாதே, முறுக்கு’ என்று சொல்லும். கை, ‘பின்னால் ஒருத்தன் அவசரமாக வருகிறானே, பாவம், போகட்டுமே’ என்று சொல்லும். இரண்டுக்கும் தகராறு வந்தால் ஜெயிப்பது கைதான். மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே தொழிலாக வைத்துக்கொண்டவனுக்கு இப்படி ஒரு கை வாய்த்ததை என்னவென்று சொல்வது! நம்பாதவர்கள் கம்பத்துக்குப் போய் ஒச்சாண்டியின் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக்கொள்ளலாம். டீயும் வாங்கிக் கொடுத்து, நடித்தும் காட்டுவான்.

தப்பு கையின் மேல் இல்லை. எல்லாம் கம்பமெட்டு ரோடு பண்ணிய வேலை.

ஷானவாஸின் அத்தா அஷ்ரப்புக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடம் முடித்ததும் பையனுக்குக் கிடைத்த உத்தியோகம், பன்னீர் திராட்சைப் பெட்டிகளைப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் பின்னால் கட்டி, கம்பமெட்டு மலையேறி, கேரளப் பக்கம் நெடுங்கண்டம் கடைகளில் இறக்குவது. பன்னீர் திராட்சை இருக்கிறதே, மகா ரோஷக்காரப் பழம். சடக்கென்று பிரேக் பிடித்தால் கோபித்துக்கொண்டு காம்பை விட்டு உதிர்ந்துவிடும். உதிரியைப் பார்த்தால் கடைக்காரச் சேட்டன் மூக்கைச் சுளித்து, “எந்தா மோனே இது?” என்பார். அதனால் ஷானவாஸ் கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்னாலேயே வேகத்தைத் தணித்து, வளைவை ஒரே இழுப்பில் வழித்து, வெளியே வரும்போது ஆக்சிலேட்டரைப் பதமாக முறுக்கப் பழகிக்கொண்டான். சொல்லிக் கொடுக்க ஆளெல்லாம் கிடையாது. உதிர்ந்த பழத்துக்கு வீட்டில் வாங்கிய வசவு சொல்லிக் கொடுத்தது.

அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மரியாதையும் உண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது முன்னால் போகிறவனுக்குத்தான் தெரியும். பின்னால் இருப்பவன் அவசரத்தில் ஹார்ன் அடித்தால், எதிரில் வண்டி இல்லை என்று பார்த்து, வலது கையைத் தூக்கி, ‘போ, போ’ என்று வீசிவிட வேண்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர்கள், பஸ் டிரைவர்கள், வாழைக்காய் லாரிக்காரர்கள் எல்லாருக்கும் இதுதான் சட்டம். கை காட்டாதவனைக் கம்பம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருத்தனும் மதிக்க மாட்டான். ஷானவாஸ் அந்த மலையில் காட்டிய கைக்குக் கணக்கே இல்லை. வலது தோளுக்குப் பின்னால் இஞ்சின் சத்தம் கேட்டால் போதும், அவனைக் கேட்காமலே கை எழுந்துவிடும்.

இப்படிப்பட்டவனைப் பந்தயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒச்சாண்டிதான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவனை ஒருவன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அந்தப் பக்கத்தில் அது சகஜம். தொண்ணூற்றெட்டில், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் புதுமுகங்களுக்கான ரேஸ் என்று கேள்விப்பட்டு, அதே திராட்சை வண்டியைப் பிரித்து மேய்ந்து, இஞ்சினைத் தயார்செய்து, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். வண்டியில் இன்னும் திராட்சை வாசனை இருந்தது. பளபளவென்று தோல் உடை போட்டிருந்த பட்டணத்துப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

கொடி இறங்கியதும் சிரிப்பு நின்றுபோனது. முதல் வளைவில் ஏழெட்டுப் பேரைத் தாண்டினான் ஷானவாஸ். மூன்றாவது சுற்றில் அவனுக்கு முன்னால் ஆளே இல்லை. ஒச்சாண்டி சுவரின் மேல் ஏறி நின்று தலைத்துண்டைச் சுழற்றினான். கடைசிச் சுற்று. கடைசி வளைவு. வலது தோளுக்குப் பின்னால் ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு சத்தம்.

ஷானவாஸ் எதிரே பார்த்தான். ரோடு காலியாக இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கி, ‘போ, போ’ என்று வீசினான்.

பின்னால் வந்தவன் ஒரு கணம் திகைத்துப்போனான். அப்புறம் போய்விட்டான். அவன் பின்னாலேயே இன்னொருத்தனும் போனான்.

“ஏலே, என்னடா பண்ணுன?” ஒச்சாண்டி ஓடி வந்தான்.

“என்ன பண்ணுனேன்?”

“கையத் தூக்கி வழி விட்டியேடா பாவி!”

ஷானவாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் விட்டுக் கொடுக்க மனசில்லை. “எதுத்தாப்ல வண்டி எதுவும் வரலைல்ல மாப்ள...”

“எதுத்தாப்ல எப்படிடா வரும்? இது ரேஸுடா!”

அன்றைக்கே பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. ராமநாதபுரத்தில் வழிவிடும் முருகன் என்று ஒரு சாமி இருக்கிறார். “அவருக்கு அடுத்தாப்ல எங்க ஊரு வழிவிடும் ராவுத்தர்தான்” என்று ஒச்சாண்டி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தான். பந்தயக் கூடாரம் முழுக்க அது பரவிவிட்டது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கையைப் பார்க்காமல் வளைவைப் பார்த்திருந்தார். ஒரு பெரிய வண்டிக் கம்பெனியின் ரேஸ் டீமுக்கு மேனேஜர், விஜயபாண்டி என்று பெயர், மதுரைக்காரர். “தம்பி, எல்லாப் பயலும் வளைவுக்குள்ள போயி பிரேக்கோட மல்லுக்கட்டுறான். நீ என்னமோ முட்டையைக் கொண்டு போறவன் மாதிரி போறியே, எங்க கத்துக்கிட்ட?” என்று கேட்டார்.

“முட்டை இல்லண்ணே, திராட்சை” என்றான் ஷானவாஸ்.

கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். மாதச் சம்பளம், தோல் உடை, வண்டி எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். அஷ்ரப்பால் நம்ப முடியவில்லை. “வண்டியும் கொடுத்து, பெட்ரோலும் போட்டு, சம்பளமும் கொடுக்குறாகளா? இங்கன நான் பெட்ரோல் போட்டுட்டு, மெதுவாப் போடான்னு உங்கிட்டக் கெஞ்ச வேண்டியிருந்துச்சு!”

தொழில் நன்றாகவே போனது. கோயம்புத்தூர் டிராக், சென்னை டிராக் என்று மாறி மாறி ஓட்டினான். கணுக்கால் பிசகியது, சுண்டுவிரல் கோணியது, முழங்கைத் தோல் தாரோடு போனது. ஒருமுறை மலேசியா வரை போய் ஒரு ரேஸ் ஓட்டி, பின்வரிசையில் எங்கேயோ வந்து, அம்மாவுக்கு ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு திரும்பினான். ஒண்டியாக முன்னால் போகிற நாளில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. சின்னச் சின்னக் கோப்பைகள் வீட்டு அலமாரியை அடைத்து, அம்மா ஒன்றில் உப்புப் போட்டு வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆனால் தேசியப் பட்டம் என்று ஒன்று இருக்கிறதே! அது முடிவாகிற ரேஸில் எவனாவது ஒருத்தன் தோளோடு தோளாகத்தான் வருவான். பெரும்பாலும் கோயம்புத்தூர் ஆதித்தனாக இருப்பான், நல்ல பையன், நல்ல ஓட்டம். கடைசிச் சுற்றில் தோளுக்குப் பின்னால் சத்தம் வரும். கை எழுந்துவிடும். ஒரு நொடிதான், அடுத்த நொடியே ‘ஐயோ’ என்று இறக்கிவிடுவான். அந்த ஒரு நொடியில் பட்டம் போய்விடும். இப்படியே மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாவது இடம்.

பார்க்காத வைத்தியம் இல்லை. ஒச்சாண்டி, டியூப் ரப்பரால் கையை ஹேண்டில்பாரோடு கட்டிப் பார்த்தான். வண்டியைச் சோதிக்கிற அதிகாரிகள் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கி அம்மா ஒரு தாயத்துக் கட்டினாள். தாயத்தோடு சேர்ந்து கை எழுந்தது. காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார்கள். காதை அடைத்தால் முதுகால் கேட்டான். விஜயபாண்டி ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்ல பழக்கம்தானே?” என்றார்.

இரண்டாயிரத்து ஏழில் விஜயபாண்டி அவனைத் தனியாக அழைத்து உட்காரவைத்தார்.

“ஷானவாஸ், ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. உனக்கு முப்பது ஆகப் போகுது. கம்பெனில சின்னப் பயலாப் பாத்து எடுங்கன்னு சொல்றாக. இந்த வருசம் பட்டம் அடிச்சா உன் வண்டி உனக்கு. இல்லேன்னா அடுத்த வருசம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுடா.”

ஷானவாஸ் தலையாட்டினான். வெளியே வந்து ஒச்சாண்டியிடம் சொன்னான். ரேஸ் இல்லையென்றால் தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். வளைவில் விழும்போதுகூட அப்படிப் பயந்ததில்லை.

அந்த வருடம்தான் கல்யாணமும் கூடிவந்தது. பெண் உத்தமபாளையம் நிலோபர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்து, “நீங்கதான் அந்தக் கையத் தூக்குறவரா?” என்று கேட்டுவிட்டாள். அவள் அம்மா அம்சத் பீவிக்கு உயிரே போய்விட்டது.

“ஆமாங்க” என்றான் ஷானவாஸ், முகம் சுருங்கி.

“நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப கட்டப்பனைல எங்க மாமி வீட்டுக்குக் கம்பமெட்டு வழியா பஸ்ல போவோம். திராட்சைப் பெட்டி கட்டுன வண்டிக்காரர் ஒருத்தர் எப்பப் பாத்தாலும் கை காட்டி வழி விடுவாரு. டிரைவர் அண்ணன், தங்கமான பயன்னு சொல்லுவாக. அது நீங்கதானா?”

ஷானவாஸ் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அந்த டாக்டரை விட்டால், கையை நல்லபடியாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

நிலோபரின் அத்தா உமர் பாருக், திராட்சை மொத்த வியாபாரி. மனுஷர் தங்கம், பிடிவாதம் மட்டும் இரும்பு. “ராவுத்தன்னா யாரு? குதிரைக்காரன். எங்க வீட்டு வாசலுக்கு மாப்பிள்ளை குதிரையிலதான் வரணும். எங்க அத்தா வந்தாக, நான் வந்தேன், எங்க மச்சினன் வந்தாரு.”

ஷானவாஸுக்குக் குதிரை என்றாலே ஆகாது. சின்ன வயதில் ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று அவன் சட்டைக் காலரைக் கடித்து இழுத்திருக்கிறது. “மாமா, பைக்குல வரேனே? நல்லா ஓட்டுவேன்.”

“பைக்குல கொரியர்காரன் வருவான்” என்றார் உமர் பாருக். அதோடு பேச்சு முடிந்தது.

கல்யாணத்தை நோன்புப் பெருநாள் கழித்து வைத்திருந்தார்கள். அதற்குள் கடைசி ரேஸ் முடிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் ஐப்பசி மழை யார் கணக்கைக் கேட்டது? சென்னையில் ஊற்று ஊற்றென்று ஊற்றி, டிராக்கில் முழங்கால் தண்ணீர் நின்று, ரேஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்று அறிவிப்பு வந்தது. புள்ளிகளில் ஷானவாஸும் ஆதித்தனும் சமம். அன்றைக்கு எவன் முன்னால் வருகிறானோ அவனுக்குத்தான் பட்டம்.

கல்யாணத்தன்று சின்னமனூரிலிருந்து சின்னக்கருப்பு குதிரையோடு வந்து சேர்ந்தான். குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓடுகிற குதிரை, வெள்ளை, நல்ல உயரம்.

“பச்சப் புள்ள ஏறலாம் மாப்ள, அம்புட்டுச் சாது” என்றான் சின்னக்கருப்பு.

“பிரேக்கு எங்கனண்ணே?” என்று கேட்டான் ஷானவாஸ்.

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனசாரக் கேட்டான்.

ஏற்றிவிட்டார்கள். முகத்தை மறைத்துப் பூச்சரம், கழுத்தில் ரோஜா மாலை, முன்னால் பேண்டு செட்டு. ஊர்வலம் பள்ளிவாசலிலிருந்து கிளம்பி மெயின் ரோட்டில் திரும்பியது. ஷானவாஸ் கடிவாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கலிமாவை முணுமுணுத்துக்கொண்டே போனான். குதிரை நல்லபடியாகத்தான் நடந்தது. உமர் பாருக்கின் மீசை மேலே ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் பின்னால் குமுளி பஸ் வந்தது. வலது தோளுக்குப் பின்னால், பா...ம் என்று ஒரு ஹார்ன்.

ஷானவாஸ் பூச்சரத்தை விலக்கி எதிரே பார்த்தான். ரோடு காலி. கடிவாளத்தை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கி, ‘போ, போ’ என்று வீசினான். அதே நேரத்தில் எவனோ ஒரு மச்சினன் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். பந்தயக் குதிரைக்கு வெடிச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம்? ஓடு என்று அர்த்தம். அது ஓடியது. மாப்பிள்ளை மட்டும் அதே இடத்தில் நின்றுவிட்டான், அதாவது கிடந்துவிட்டான், வலது தோள் கீழே பட.

பஸ் மரியாதையாக ஒதுங்கிக் கடந்து போனது. டிரைவர் நன்றிக்கு ஒரு சின்ன ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

“படுபாவி!” ஒச்சாண்டி தலையில் அடித்துக்கொண்டான். “குதிரையில இருந்துமாடா வழி விடுவ?”

கையைத் துண்டில் தொங்கவிட்டபடியே நிக்காஹ் நடந்தது. சம்மதம் கேட்டபோது மாப்பிள்ளை “ம்ம்மா” என்று முனகினான். ஹஜ்ரத் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிரியாணி சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு தேனியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோள்பட்டைக் காறை எலும்பில் விரிசல். கையை அசைக்காமல் ஒன்றரை மாதம் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். போனில் விஜயபாண்டி கத்திய கத்தல் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. பிறகு அவரே அடங்கி, “விதிடா” என்றார்.

உமர் பாருக் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். மீசை கீழே இறங்கியிருந்தது. “என்னாலதான். பைக்குலயே வரச் சொல்லியிருக்கலாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யார் தேற்றியும் சாப்பிடவில்லை.

நாலைந்து நாள் கழித்து, காலையில் கொல்லைப் பக்கம் ஷானவாஸ், இடுப்பளவுக்குத் தொய்ந்து கிடந்த துணிக் கம்பியைப் பிடித்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலோபர் டீயோடு வந்து நின்றாள்.

“பிடிக்க முடியுதா?”

“பிடிக்க முடியுது. பிரேக்குக்கு விரல் போதும். முறுக்கவும் வருது. மேல தூக்கத்தான் முடியல, உசுரு போகுது.” கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “நிலோ, இந்த ஒரு ரேஸ் விட்டுட்டேன்னா அப்புறம் எனக்கு ரேஸே இல்ல. பயமா இருக்கு.”

கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பெண் வேறென்ன சொல்வாள்? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் பயம்தான். “விழுந்துற மாட்டீங்கள்ல?” என்றாள்.

“குதிரைல இருந்துதான் விழுவேன்.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்பப் போவோம். நானும் வருவேன்” என்றாள். உமர் பாருக்கும் வருவேன் என்று காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அஷ்ரப் வழிக்குச் சாப்பிட ஒரு பெட்டி திராட்சை ஏற்றினார்.

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டாக்டர் விரலை மடக்கச் சொல்லி, பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, நாலைந்து சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அரை மனதோடுதான் கையெழுத்துப் போட்டார். ஒச்சாண்டி தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டு, தோல் உடைக்குள் அவனைத் திணித்தான். வெயிலாக இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். காய்ந்த தாரில் எல்லாரும் பறப்பார்கள், உடம்பைச் சாய்த்துத் தொங்கி ஓட்ட வேண்டியிருக்கும், விரிசல் விட்ட எலும்போடு அது நடக்காது. ஆனால் காலையிலிருந்தே நசநசவென்று தூறல். டிராக் கண்ணாடியாக வழுக்கியது.

“மழை பெய்யுதே, ஐயோ!” என்றார் உமர் பாருக்.

“பெய்யட்டும் மாமா, நல்லாப் பெய்யட்டும்” என்றான் ஒச்சாண்டி. “இன்னைக்குத் திராட்சை கொண்டு போற நாளு.”

கொடி இறங்கியது. அவசரக்காரர்கள் முதல் வளைவிலேயே வழுக்கி மணலுக்குள் போனார்கள். ஷானவாஸ் வளைவுக்கு முன்னாலேயே தணித்து, ஒரே இழுப்பில் வழித்து, பதமாக முறுக்கினான். பின்னால் பெட்டி கட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் தோளில் ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டான். பாதி ரேஸில் அவன்தான் முன்னால். ஆதித்தன் இரண்டாவது. மற்றவர்கள் கண்ணிலேயே இல்லை.

சுவரோரம் நிலோபர் ஒச்சாண்டியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணே, கையத் தூக்கிருவாகளோ?” என்றாள்.

“அத மட்டும் கேக்காத தாயி” என்றான் அவன்.

கடைசிச் சுற்று. ஆதித்தன் நெருங்கிவிட்டான். கடைசி வளைவு. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. ஷானவாஸ் வளைவை வழித்து வெளியே வந்தான். அப்போது, அந்தப் பாழாய்ப்போன சத்தம், வலது தோளுக்குப் பின்னால்.

‘தூக்காதே’ என்றது மூளை. கை எங்கே கேட்டது? எதிரே ரோடு காலியாக இருந்தது. விரல்கள் தளர்ந்தன. முழங்கை மேலே கிளம்பியது.

சுரீர்!

தோளில் யாரோ கடப்பாரையை இறக்கியது மாதிரி இருந்தது. “யா அல்லாஹ்!” என்று கத்தினான். கை வந்த வழியே கீழே விழுந்து, விழுந்த இடத்தில் எது இருந்ததோ அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அங்கே இருந்தது ஆக்சிலேட்டர். வலியில் பிடித்த பிடி, முழு முறுக்கு. வண்டி சீறிக்கொண்டு போனது. கட்டம் போட்ட முடிவுக் கொடியைத் தாண்டும்போது ஆதித்தனின் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டிக்கொண்டுதான் வந்தது, தாண்டவில்லை.

ஷானவாஸ் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஏங்கி ஏங்கி அழுதான். வலியா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான்.

ஆதித்தன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். “ஏனுங்கண்ணா, இது நியாயமுங்களா? கடைசி வளைவுல கையத் தூக்குவீங்கன்னு நம்பித்தானுங்க பின்னாடியே வந்தேன்! இல்லாட்டி முன்னாலயே தாண்டியிருப்பேனுங்க!” என்றவன், கட்டிப்பிடிக்கப் போய், தோளைப் பார்த்துவிட்டு, இடது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒச்சாண்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “மாமா!” என்று உமர் பாருக்கைத் தூக்கிச் சுற்றினான். “ஒம்போது வருசமா நான் பாக்காத வைத்தியத்த உங்க குதிரை பாத்துருச்சு மாமா!”

உமர் பாருக் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். மீசையைத் தடவினார். அது மறுபடியும் மேலே ஏறத் தொடங்கியது. “பின்ன? காரணம் இல்லாமயா பெரியவுக குதிரைல வரச் சொன்னாக?” என்றார். அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

விஜயபாண்டி அடுத்த வருட ஒப்பந்தத்தை உறுதி செய்துவிட்டார். உறுதி செய்த பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. “ஏன்டா ஒச்சாண்டி, எலும்பு கூடிருச்சுன்னா?” ஒச்சாண்டியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். “டாக்டர்கிட்டச் சொல்லிக் கொஞ்சம் கோணலாக் கூட்டச் சொல்லலாமாண்ணே?” என்றான்.

எலும்பு கோணாமல் கூடியது. அது வரைக்கும் காத்திருந்து, தை மாதத்தில் உமர் பாருக் உத்தமபாளையத்தில் பாராட்டு ஊர்வலம் ஏற்பாடு செய்தார். பேண்டு செட்டு, மாலை, கோப்பையைச் சுமந்தபடி அஷ்ரப், எல்லாம் தயார். ஷானவாஸ் தெருவுக்கு வந்து பார்த்தால், நடுவில் சின்னக்கருப்பும் வெள்ளைக் குதிரையும்.

“மாமா, இடது பக்கமும் ஒரு காறை எலும்பு இருக்கு. அதையும் கேக்குறீகளா?” என்று கும்பிட்டான் ஷானவாஸ். குதிரைக்கு ஒரு கொத்துத் திராட்சை கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

நிலோபர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். “ஏறுங்க” என்றாள். அம்சத் பீவி வாயில் கை வைத்தாள். தேசியச் சாம்பியன் தன் பெண்டாட்டியின் பின்னால் கால் மடக்கி உட்கார்ந்து ஊர்வலம் போவதைப் பார்க்க மாடியெல்லாம் கூட்டம். பின்னால் குதிரை சும்மா நடந்து வந்தது, அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள்.

மெயின் ரோட்டில் திரும்பும்போது குமுளி பஸ் வந்தது. பா...ம்.

ஷானவாஸ் எதிரே பார்த்தான். ரோடு காலி. வலது கை வலியில்லாமல், சுகமாக, காற்றில் எழுந்தது.

நிலோபர் கண்ணாடியில் பார்த்தாள். திரும்பவில்லை.

“கையக் கீழ போடுங்க” என்றாள். “எல்லாரையும் அனுப்பி வச்சது போதும். முதல்ல நாம போவோம், அவுக பின்னால வரட்டும்.”

ஷானவாஸ் கையை இறக்கினான். ஆனால் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பிடிக்க ஆக்சிலேட்டர் ஏது? கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் தடுமாறியது. கடைசியில், ஊரே பார்க்க, அவள் தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. உமர் பாருக் அவசரமாகக் குதிரையின் பக்கம் திரும்பி அதன் பிடரியைத் தடவிக்கொடுத்தார்.

பஸ் ஹார்ன் அடிக்காமல் பின்னாலேயே வந்தது.